கண் மஞ்சளானால் சலத்தையும் மலத்தையும் பாருங்கள்

(திரையில்: கிளிநொச்சி வயல்வெளி, இரணைமடு வாய்க்கால்)

வணக்கம். செங்கமாரி என்றதும் எங்கட பக்கம் முதலில் தேடுறது கீழ்க்காய்நெல்லியை. ஆனால் கண்ணை மஞ்சளாக்கும் நோய்கள் பல. எது என்று பிடிக்க, அந்த மஞ்சள் எங்கேயிருந்து வருகிறது என்று தெரியவேணும்.

(திரையில்: சிவப்பணு உடையும் அசைபடம்)

இரத்தத்தின் சிவப்பணுவுக்கு ஆயுள் ஏறத்தாழ 120 நாள். வயதான அணுக்களை மண்ணீரல் உடைக்கும்போது ஹீமோகுளோபினிலிருந்து பிறக்கும் மஞ்சள் கழிவுதான் பிலிருபின். அது தண்ணீரில் கரையாது. அல்புமின் என்ற புரதத்தில் தொற்றிக்கொண்டு ஈரலுக்கு வரும். ஈரல் அதோடு குளுக்குரோனிக் அமிலத்தைச் சேர்த்து, கரையக்கூடியதாக்கி, பித்தத்தோடு குடலுக்குள் விடும். மலம் கபில நிறமாக இருப்பது இதனால்தான். இரத்தத்தில் வழமையாக ஒரு டெசிலீற்றருக்கு 1 மில்லிகிராம் அளவில் இருக்கும். 2, 3 என்று ஏறும்போது கண் மஞ்சளாகும்.

இதைக் கவனியுங்கள். ஈரல் கரைத்துவிட்ட பிலிருபின் மட்டுமே சலத்தில் போகும். கண் மஞ்சள், சலம் பிளேன்ரீ நிறம் என்றால், ஈரல் வீங்கியிருக்கலாம் அல்லது பித்தம் போகும் வழி அடைபட்டிருக்கலாம். மலமும் வெளிறி, உடம்பும் அரித்தால் அடைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேணும். வாய்க்காலை மறித்தால் தண்ணி பின்னுக்கு ஏறுவது போல, பித்தம் இரத்தத்துக்குத் திரும்புகிறது. கல்லோ, கட்டியோ, ஸ்கான் பார்த்தால்தான் தெரியும். கந்தசஷ்டி விரதத்தில் சிலருக்குக் கண் லேசாக மஞ்சளாகும், சலம் கறுக்காது. கில்பெர்ட் என்ற பிறவித் தன்மையாக இருந்தால் பயமில்லை. ஆனால் இரத்தம் சோதித்து உறுதிசெய்யுங்கள்.

(திரையில்: குழாய்க்கிணறு, கொதிக்கும் தண்ணீர்)

2009இல், போரால் இடம்பெயர்ந்த சனம் இருந்த வவுனியா மெனிக் பாம் முகாம்களில் பரவியது ஹெபடைட்டிஸ் ஏ என்ற, ஈரலை வீங்கவைக்கும் வைரஸ் நோய். அழுக்குப்பட்ட தண்ணி, சாப்பாடு வழியாக வருவது. கிருமி உள்ளே போய் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப் பிறகுதான் கண் மஞ்சளாகும், அதனால் எந்தத் தண்ணியென்று ஆருக்கும் ஞாபகம் இராது. பெரும்பாலும் தானாகவே மாறிவிடும். கீழ்க்காய்நெல்லி குடித்தவருக்குச் சுகமானதும் அநேகமாக இதனால்தான்.

அந்த நம்பிக்கையே வயல் வேலை செய்பவருக்கு எமனாகலாம். எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். எலியின் சலம் கலந்த சேற்றில் இறங்கும்போது காலிலுள்ள கீறல் வழியாகக் கிருமி ஏறும். கடுங்காய்ச்சல், கெண்டைக்காலில் தாங்கேலாத நோ, கண் சிவப்பு. பிலிருபின் எக்கச்சக்கமாக ஏறினாலும் ஈரல் பெரும்பாலும் தப்பிவிடும். ஆளைக் கொண்டுபோவது சிறுநீரகமும் நுரையீரலும். சலம் குறைகிறதென்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வயலில் இறங்கினதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். விதைப்புக்கு முன்னமே பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) எலிக்காய்ச்சலைத் தடுக்கும் டொக்ஸிசைக்ளின் குளிசை கேட்டுப் பாருங்கள்.

கசிப்பும் சாராயமும் ஈரலை வருசக்கணக்கில் தழும்பாக்கும். குடிக்காதவருக்கும் சீனி வருத்தமும் வண்டியும் (தொப்பையும்) இருந்தால் ஈரலில் கொழுப்புப் படியும். ரெண்டுமே கண் மஞ்சளாகும்வரை சத்தம் காட்டாது.

(திரையில்: கைக்குழந்தை)

பிறந்த குழந்தைக்கு ரெண்டாம், மூன்றாம் நாளில் வரும் மஞ்சள் பெரும்பாலும் ஈரல் இன்னும் முதிராததால். முதல் 24 மணித்தியாலத்துக்குள் வந்தாலோ, ரெண்டு கிழமை தாண்டியும் நின்றாலோ கட்டாயம் காட்டுங்கள். பிள்ளையின் மலம் சுண்ணாம்பு போல் வெளிறியிருந்தால் பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்கான சத்திரசிகிச்சை முதல் 2 மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன். வெயிலில் காட்டிக்கொண்டு நாளைக் கடத்தாமல் அன்றைக்கே கொண்டுபோங்கள். அந்த நப்கினையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.