டேங்க் ஆயில் கறைதான் இந்தத் தொப்பிக்குக் கறுப்பு நிறம் கொடுத்தது!

கறுப்பு பெரெட் (விளிம்பில்லாத, தட்டையான துணித் தொப்பி) போட்ட கமாண்டோவைப் பார்த்தாலே ஒரு பயம் வருகிறது இல்லையா? அந்தக் கறுப்பு முதலில் வந்தது வீரத்துக்காக இல்லை, அழுக்கு தெரியக் கூடாது என்பதற்காக!

1918, பிரான்ஸ். பிரிட்டிஷ் டேங்க் படைத் தளபதி ஹியூ எல்லெஸ், பிரெஞ்சு மலைப்படைக்காரர்கள் தலையில் ஊத்தப்பம் சைஸில் கிடந்த பெரெட்டைக் கவனிக்கிறார். அவருக்கு ஒரு தலைவலி இருந்தது. டேங்குக்குள் இடமே கிடையாது, தொப்பிக்கு முன்பக்கம் விளிம்பு இருந்தால் கண்ணைத் துவாரத்தில் வைத்து வெளியே பார்க்க முடியாது, காக்கித் துணியில் கிரீஸ் பட்டால் அப்புறம் அது தொப்பியே இல்லை. பெரெட்டில் விளிம்பும் இல்லை, மேலேயே ஹெட்போனும் மாட்டிக்கொள்ளலாம். பிரெஞ்சுக்காரர்களுடையது ரொம்பப் பெரிசு, பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையில் வாழும் பாஸ்க் மக்களுடையது ரொம்பச் சின்னது, நடுவில் ஒரு அளவு பிடித்தார்கள். 1924-இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் ஒப்புதல். நம் இந்திய டேங்க் படையும் இன்றைக்குக் கறுப்புதான். மெரூன் 1942-இல் பிரிட்டிஷ் பாராசூட் படையில் வந்தது, நம் பாரா வீரர்களுக்கும் அதுவே. அங்கே இருக்கும் சீக்கியர்களுக்கு மெரூனிலேயே தலைப்பாகை, செம கெத்து!

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த கூத்து. அதுவரை அமெரிக்க ராணுவத்தில் கறுப்பு பெரெட் என்றால் ரேஞ்சர்கள் என்ற அதிரடிப் படைதான். 2001-இல் ராணுவத் தளபதி ஷின்செகி அதை எல்லாருக்கும் கொடுத்துவிட்டார். "நாங்கள் ரத்தம் சிந்தி வாங்கியதை ஆபீஸ் கிளார்க்குக்கும் கொடுப்பீர்களா" என்று கொதித்துப்போய், முன்னாள் ரேஞ்சர்கள் இரண்டு பேர் ஜார்ஜியாவிலிருந்து வாஷிங்டனுக்கு நடந்தே போனார்கள். நடந்தே! கடைசியில் ரேஞ்சர்கள் மணல் நிறத்துக்கு மாறினார்கள். அது முடிவதற்குள், வாங்கிய தொப்பிகளில் ஒரு பகுதி சீனாவில் தைத்தது என்று தெரிந்து, அதை யாரும் போடக் கூடாது என்று உத்தரவு. இத்தனையும் நடந்து, வெயிலுக்கு நிழல் தராது, வியர்த்துக் கொட்டுகிறது என்று படைவீரர்களே புலம்ப, 2011-இல் தினசரி உடைக்குப் பழையபடி விளிம்பு வைத்த தொப்பி. இதற்குத்தானா இவ்வளவு?

ஐ.நா. அமைதிப்படையின் நீலம்? 1956 சூயஸ் நெருக்கடியில் நீல பெரெட் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும் என்றதும், அமெரிக்க ஹெல்மெட்டுகளின் உள்கூட்டை எடுத்து நீல பெயின்ட் அடித்து அனுப்பிவிட்டார்கள்.

புது பெரெட்டை அப்படியே தலையில் வைத்தால் காளான்தான். வெந்நீரில் நனைத்து, தலையில் போட்டு, ஒரு பக்கமாக இழுத்துவிட்டு, காயும்வரை அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். பிரிட்டிஷார் வலது பக்கம் இழுப்பார்கள், பிரெஞ்சுக்காரர்கள் இடது பக்கம். உங்கள் ஊர் போலீஸ், என்.சி.சி. எந்தப் பக்கம் இழுக்கிறார்கள்? பார்த்துவிட்டு கமென்ட்டில் போடுங்கள், சண்டையை அங்கே வைத்துக்கொள்வோம்.