அஞ்சு சுற்றுல பதினெட்டுலேருந்து ஒண்ணுக்கு வந்தா, அது லாட்டரியா?

நடுவர் அவர்களுக்கும், சார்லட்டுல கூடியிருக்கிற தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

"சூப்பர்ஸ்பீட்வே பந்தயத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது திறமையா, அதிர்ஷ்டமா?" இதுதான் தலைப்பு. அமெரிக்காவோட நாஸ்கார் கார்ப் பந்தயத்துல ரொம்பப் பெரிசா, ரொம்ப வேகமா இருக்கிற தடங்களைத்தான் சூப்பர்ஸ்பீட்வேங்கிறாங்க. நான் திறமை அணி. எனக்கு முன்னாடி அதிர்ஷ்டத்துக்காக வாதாடிட்டுப் போய் உட்கார்ந்திருக்காரே, அவர் வேற யாரும் இல்ல, எங்க வீட்டுக்காரர்தான். கைதட்டல் பலமா வாங்கினார். வீட்டுல நான் பேச, அவர் கேட்பார். இங்க அவர் பேச, நான் பத்து நிமிஷம் வாயைத் திறக்காம கேட்டிருக்கேன். அதுக்கே எனக்குத் தனியா மார்க் போடணும் நடுவர் அவர்களே.

அவர் என்ன சொன்னார்? "2003-லயே தமிழ்நாட்டுல லாட்டரியைத் தடை பண்ணிட்டாங்க. அதை டேடோனாவுலயும் டாலடேகாவுலயும் காருக்குப் பெயின்ட் அடிச்சு நடத்திக்கிட்டிருக்காங்க"ன்னார். எல்லாக் காரும் ஒரே வேகம், யாரோ ஒருத்தன் தட்டுவான், இருபது கார் நொறுங்கும், தப்பிச்சவன் கோப்பையைத் தூக்குவான், இதுல திறமை எங்க இருக்குன்னு கேட்டார். அவர் மார்ட்டின்ஸ்வில் கட்சிங்க. அரை மைல் தடம், பிரேக் பழுக்கணும், பம்பரால இடிக்கணும், அதுதான் அவருக்குப் பந்தயம். டாலடேகா ஞாயிறு வந்தா டிவி ரிமோட்டுக்கு எங்க வீட்டுல தனிப் பந்தயமே நடக்கும்.

இந்த ஊர்ல நாஸ்கார் டீம்களோட பட்டறைகளைத் தாண்டித்தான் நம்மள்ல பல பேர் ஆபீஸ் போறோம். ஆனாலும் பிள்ளைங்க டான்ஸ் பார்க்க மட்டும் வந்தவங்களும் சபையில இருப்பீங்க. அவங்களுக்காக ரெண்டு வார்த்தை. டேடோனா, 2.5 மைல் தடம், 1959-ல திறந்தாங்க. வளைவுல சாய்வு 31 டிகிரி. டாலடேகா, அலபாமாவுல, 1969-ல வந்தது. 2.66 மைல், சாய்வு 33 டிகிரி. கீழ நின்னு நிமிர்ந்து பார்த்தா ரோடு மாதிரியே தெரியாது, தார் போட்ட சுவர் மாதிரி நிக்கும். வளைவுல பிரேக்கே வேண்டாம், மிதிச்ச கால் மிதிச்சபடி போகலாம். 2022-லேருந்து அட்லான்டாவையும் சாய்வைக் கூட்டி இதே ரகத்துல சேர்த்துட்டாங்க.

இந்த வேகம் ஒரு கட்டத்துல கைமீறிப் போச்சு. 1987-ல டாலடேகாவுல தகுதிச் சுற்றுல பில் எலியட் மணிக்கு 212.809 மைல் ஓட்டினார். அதே பந்தயத்துல பாபி அலிசனோட டயர் வெடிச்சு, கார் மேல கிளம்பி, பார்வையாளர் பக்கத்து வேலியைக் கிழிச்சிருச்சு. ஜனங்களுக்கும் அடி. அடுத்த வருஷத்துலேருந்து இந்த ரெண்டு தடத்துலயும் இன்ஜினுக்கு ஒரு தகடு கட்டாயம். கார்புரேட்டருக்குக் கீழ ஒரு மெல்லிசான அலுமினியத் தகடு, அதுல நாலு துளை, ஒவ்வொண்ணும் ஒரு அங்குலத்துக்கும் கம்மி. இன்ஜின் மூச்சுவிடறது அந்த நாலு துளை வழியாத்தான். 700-க்கு மேல இருந்த குதிரைத்திறன் 450 பக்கம் இறங்கிருச்சு. 2019 டேடோனா 500-க்கு, அதாவது வருஷா வருஷம் டேடோனாவுல நடக்கிற 500 மைல் பந்தயத்துக்கு, அப்புறம் தகடு போய் வேற கருவி வந்தது, ஆனா இன்ஜினோட கழுத்தைப் பிடிக்கிற வேலை ஒண்ணுதான்.

எதிரணியோட மொத்தக் கட்டடமும் அந்தத் தகட்டு மேலதான் நிக்குது. "எல்லாருக்கும் ஒரே சக்தி கொடுத்துட்டா திறமை செத்துப்போச்சு"ங்கிறாங்க. அய்யா, எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுக்கிற இடத்துக்குப் பேருதானே பரீட்சை? நல்ல இன்ஜின் வாங்க வசதியுள்ளவன் தனியா முன்னாடி ஓடி ஜெயிக்கிற பந்தயம் வருஷம் முழுக்க நடக்குது. அதைத் திறமைன்னு ஒத்துக்கிறீங்க. காசு செல்லாத இடத்துக்கு வந்ததும் அதிர்ஷ்டம்னு சொல்றீங்களே, எப்படி?

இங்க ஓட்டுறவனுக்கு வேற ஒரு வித்தை தெரியணும். காத்தைப் படிக்கிற வித்தை. 1960-ல ஜூனியர் ஜான்சன்னு ஒரு மனுஷன், கள்ளச்சாராயம் கடத்தி வண்டி ஓட்டப் பழகினவர், டேடோனாவுக்கு ஒரு செவ்ரலேயோட வந்தார். அங்க இருந்த பான்டியாக் கார்களோட வேகம் அதுக்கு வரல. பயிற்சியில ஒரு பான்டியாக்கோட முதுகை ஒட்டிப் போய்ப் பார்த்தார், இவரோட மட்டமான காரும் அதே வேகத்துல பறக்குது. முன்னாடி கார் காத்தைக் கிழிக்குது, பின்னாடி வர்றவனுக்குத் தடை குறையுது. அதைப் பிடிச்சுக்கிட்டே அந்த வருஷ டேடோனா 500-ஐ ஜெயிச்சார். காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்ட முதல் ஆள். எல்லாரு மேலயும் சும்மா வீசின காத்துதான். கண்டுபிடிச்சது ஒருத்தர். இதை அதிர்ஷ்டக் கணக்குல எழுதுவீங்களா?

இதுல இன்னொரு சங்கதியும் இருக்கு. பின்னாடி ஒருத்தன் ஒட்டி வந்தா முன்னாடி போறவனுக்கும் வேகம் கூடும். தனிக் காரை விட ஜோடிக் கார் வேகம். அதனால இங்க தனியா ஜெயிக்க முடியாது. உன்னைத் தள்ளிக்கிட்டு வர்றவன்தான் உன் உதவி, கொடி விழுற நேரத்துல அவனேதான் உன் எதிரி. தள்ளுறதும் லேசுப்பட்ட வேலை இல்ல. மணிக்கு 190 மைல்ல முன்காரோட பம்பரை நடுவுல, நேரா, பதமாத் தொடணும். வளைவுல ஒரு ஓரமாப் பட்டுச்சுன்னா அவன் சுத்திருவான், அவனோட சேர்ந்து பின்னாடி இருக்கிற முப்பது பேரும் போவாங்க. 200 மைல் வேகம்னா ஒரு வினாடிக்கு 293 அடி. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள நம்ம மண்டபத்தைத் தாண்டிப் போயிருப்பாங்க.

கண்ணாடியில தெரியறது போதாதுன்னு மேல கூரையில ஒரு ஸ்பாட்டர் நின்னுக்கிட்டு, "உள்பக்கம் ஒருத்தன், இன்னும் இருக்கான், போயிட்டான்"னு ரேடியோவுல சொல்லிக்கிட்டே இருப்பார். எங்க கார்ல அந்த வேலை எனக்கு. எங்க வீட்டுக்காரர் இன்னிக்கு வரைக்கும் ஒரு விபத்தும் இல்லாம ஓட்டுறதை அதிர்ஷ்டம்னு நினைச்சுக்கிட்டிருக்கார்.

2016 டேடோனா 500-ஐ எடுத்துக்குங்க. டொயோட்டாக்காரங்க எல்லாம் பேசி வச்ச மாதிரி ஒரே வரிசையாப் போறாங்க. முன்னாடி மேட் கென்செத். அதே டீம் டெனி ஹாம்லின் வரிசையில நாலாவது. கடைசிச் சுற்று. வரிசையிலேயே இருந்தா நாலாவது இடம் பத்திரம். வெளிய வந்து யாரும் தள்ளலைன்னா காத்துல மாட்டிக்கிட்டு இருபதாவது இடத்துக்கு வழுக்கிருவார். ஹாம்லின் மேல் பக்கம் வெளிய வந்தார். பின்னாடி கெவின் ஹார்விக் வேகமா வர்றது அவருக்குத் தெரியும், ஹார்விக் தள்ளினார். கென்செத் மறிக்க மேல ஏறினார். ஏறின அந்த நொடியில கீழ ஒரு கார் அகலம் திறந்தது, ஹாம்லின் அதுக்குள்ள புகுந்தார். கோட்டுல மார்ட்டின் ட்ரூயெக்ஸை 0.010 வினாடியில ஜெயிச்சார். டேடோனா 500 வரலாற்றுலயே அதுதான் மிக நெருக்கமான முடிவு. அதுவரைக்கும் முன்னாடி போன கென்செத் 14-ஆவது. சீட்டைக் கிழிச்சுப் பார்க்கிறவனுக்கு இப்படி எப்ப வெளிய வரணும், எப்ப உள்ள நுழையணும்ங்கிற கவலை உண்டா? ஹாம்லின் 2019, 2020-லயும் ஜெயிச்சார்.

அதை விடப் பெரிய சாட்சி என்கிட்ட இருக்கு. 2000 அக்டோபர், டாலடேகா. டேல் ஏர்ன்ஹார்ட், கருப்பு நிற 3-ஆம் நம்பர் கார். அஞ்சு சுற்று மிச்சம் இருக்கும்போது அவர் 18-ஆவது இடத்துல. அஞ்சு சுற்றுன்னா நாலு நிமிஷ சொச்சம், பந்தயம் அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சு எழுந்தவங்க கூட இருந்திருப்பாங்க. மூணு வரிசையா அடைச்சுக்கிட்டுப் போற கூட்டத்துல அவர் எந்த வரிசை நகருதுன்னு பார்க்கிறார், அதுல தொத்துறார், அது தேங்கறதுக்கு முன்னாடி அடுத்ததுக்குத் தாவுறார். பின்னாடி கென்னி வாலஸும் ஜோ நெமச்செக்கும் வந்து ஒட்டினதும் மூணு பேரும் ஒரே ரயிலா முன்னாடி வந்தாங்க. ஏர்ன்ஹார்ட் முதல், வாலஸ் ரெண்டு, நெமச்செக் மூணு. இத்தனைக்கும் அவருக்கு இந்தத் தகட்டுப் பந்தயமே பிடிக்காது, வெளிப்படையாவே திட்டுவார். பிடிக்காமலே டாலடேகாவுல 10 தடவை ஜெயிச்சார். எங்க வீட்டுக்காரர் மாதிரிதான், உப்புமான்னா பிடிக்காது, தட்டு மட்டும் காலி.

எதிரணி உடனே எழுந்துக்கும்: "அதே ஏர்ன்ஹார்ட் டேடோனா 500-ஐ 20-ஆவது முயற்சியிலதானே ஜெயிச்சார்?" ஆமாம். 1990-ல கடைசிச் சுற்று, கடைசி வளைவுகள் வரைக்கும் முதலா வந்து, டயர் வெட்டுப்பட்டு, டெரிக் கோப்கிட்ட விட்டுட்டார். அது அதிர்ஷ்டக் குறைவுதான். ஒரு நாள் பந்தயத்துல அதிர்ஷ்டமே கிடையாதுன்னு நான் வாதாடலைங்க. மூணு தடவை சாம்பியன் டோனி ஸ்டூவர்ட் டேடோனா 500-ஐ ஜெயிச்சதே இல்ல. ஆனா அதே டேடோனாவுல, அதே தகட்டோட, ஜூலையில நடந்த 400 மைல் பந்தயத்தை 4 தடவை ஜெயிச்சிருக்கார். பிப்ரவரியில இல்லாத திறமை ஜூலையில முளைச்சுதா? ஒரு நாளை மட்டும் பார்த்தா அதிர்ஷ்டம் தெரியும், பத்து வருஷத்தை அடுக்கிப் பார்த்தா பேர்கள் திரும்பத் திரும்ப வரும். ஏர்ன்ஹார்ட் 1998-ல ஒருவழியா ஜெயிச்சப்போ, எல்லா டீம் ஆளுங்களும் பிட் பாதையில, அதாவது கார் டயர் மாத்த, எரிபொருள் போட வந்து நிக்கிற இடத்துல, வரிசையா வந்து நின்னு, காருக்குள்ள இருந்த அவர் கையைத் தொட்டாங்க. குலுக்கல்ல பரிசு விழுந்தவனுக்கு யாரும் அப்படி வரிசையில நிக்க மாட்டாங்க.

"அப்ப மைக்கேல் மெக்டவல்?"னு கேட்டார் எங்க வீட்டுக்காரர், குரலை உயர்த்தி. 2021 டேடோனா 500. அதுவரைக்கும் 357 பந்தயம், ஒரு வெற்றி கூட இல்ல. கடைசிச் சுற்றுல முன்னாடி இருந்த கெசலோவ்ஸ்கியும் லோகானோவும் மோதிக்கிட்டாங்க, இவர் நடுவுல புகுந்து ஜெயிச்சுட்டார், லாட்டரின்னார். ஒரு விஷயத்தை மட்டும் லாகவமா விட்டுட்டார். கெசலோவ்ஸ்கியைப் பின்னாலேருந்து தள்ளிக்கிட்டு வந்ததே மெக்டவல்தான்! 500 மைலும் பிழைச்சு, கடைசிச் சுற்றுல மூணாவது ஆளா நிக்கறதுக்கு யார் சீட்டு எடுத்துக் கொடுத்தா? 2019-லயே அதே பந்தயத்துல அஞ்சாவதா வந்தவர் அவர். 2023-ல இண்டியானபோலிஸ் ரோடு கோர்ஸ்லயும், அதாவது இடமும் வலமுமா வளைஞ்சு போற தடத்துலயும், ஜெயிச்சார், அங்க தகடும் இல்ல, கூட்டமும் இல்ல.

ஒரு விஷயத்துல மட்டும் எதிரணித் தங்கை சொன்னதை முழுசா ஒத்துக்கிறேன். 2022-ல புதுக் கார் வந்ததுலேருந்து எரிபொருளை மிச்சம் பிடிக்கிறேன்னு பந்தயத்தோட நடுப்பகுதியில பாதி மிதியில உலா போறாங்க. பிட்டுல நிக்கிற நேரம் குறைஞ்சா இடம் கிடைக்கும்ங்கிற கணக்கு. டேடோனா 500-ல மைலேஜ் பார்க்கிறாங்கங்க! நம்ம ஆளுங்களுக்கு வேணா பெருமையா இருக்கலாம், பார்க்கிறவனுக்குக் கொட்டாவிதான். ஆனா அது காரோட கோளாறு, விதியோட கோளாறு. தடத்து மேல பழி போடாதீங்க.

ஆபத்தைப் பத்தி அந்தத் தங்கை கேட்டது வேடிக்கைக் கேள்வி இல்ல. "விபத்தைப் பார்க்கத்தானே போறீங்க?" போறவங்க இருக்காங்க, மறைக்கல. 2001 பிப்ரவரி 18, டேடோனாவுல கடைசிச் சுற்று, கடைசி வளைவு, ஏர்ன்ஹார்ட் சுவர்ல மோதி இறந்துபோனார். முன்னாடி போன ரெண்டு காரும் அவர் சொந்தமா நடத்தின டீமோட கார்தான். முதல்ல மைக்கேல் வால்ட்ரிப், ரெண்டாவது அவர் மகன். அந்த வருஷ அக்டோபர்லேருந்து கழுத்தையும் தலையையும் தாங்கிப் பிடிக்கிற கருவி எல்லாருக்கும் கட்டாயமாச்சு. அடுத்தடுத்த வருஷங்கள்ல மோதலை வாங்கிக்கிற சுவர்கள் வந்தது. அதுக்கப்புறம் நாஸ்கார் கப் பந்தயம் எதுலயும் ஓட்டுநர் யாரும் இறக்கல. 2020-ல ரயன் நியூமன் கார் டேடோனாவுல கோட்டுக்குப் பக்கத்துல தலைகீழாப் போனதைப் பார்த்தவங்க அவர் பிழைப்பார்னு நினைச்சிருக்க மாட்டாங்க. ரெண்டே நாள்ல ரெண்டு மகளையும் கையில பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியிலேருந்து நடந்து வெளிய வந்தார். ஆபத்து போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். அந்த ஆபத்துக்கு நடுவுல ஒருத்தன் மூணு மணி நேரம் நிதானம் தவறாம ஓட்டுறதை அதிர்ஷ்டம்னு எழுதிட்டுப் போனா, அது அவனுக்குச் செய்யற அவமரியாதை.

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுக்கிறேன் நடுவர் அவர்களே. எனக்கு அடுத்து வர்ற எதிரணித் தம்பிக்கு ஒரே கேள்வி. அப்பா போன எட்டாவது மாசம், 2001 அக்டோபர்ல, டேல் ஏர்ன்ஹார்ட் ஜூனியர் டாலடேகாவுல ஜெயிச்சார். 2002-ல அங்க நடந்த ரெண்டையும் ஜெயிச்சார். 2003 ஏப்ரல்லயும் அவரே. ஒரே தடத்துல வரிசையா நாலு, ஒவ்வொரு தடவையும் நாப்பது சொச்சம் கார்களுக்கு நடுவுல. தொடர்ந்து நாலு குலுக்கல்லயும் ஒரே வீட்டுக்கு முதல் பரிசு விழுந்த லாட்டரி ஒண்ணு இருந்தா, தம்பி பேரைச் சொல்லட்டும். நானும் எங்க வீட்டுக்காரரும் சேர்ந்தே போய் வாங்கிக்கிறோம். நன்றி, வணக்கம்.