விசில் யார் கையில்?

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு. அதனால் நேராக எதிரணித் தலைவர் ஓட்டி வந்த பஸ்ஸிலேயே ஏறிவிடுகிறேன்.

“நிர்வாக முடிவில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டுமாம்! பஸ்ஸில் ஏறின எல்லாரும் ஸ்டியரிங்கைப் பிடித்தால் வண்டி ஊர் போய்ச் சேருமா?” என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள்.

அண்ணா, தொழிலாளி டிக்கெட் எடுத்து ஏறிய பயணியா? அவர்தானே அந்த வண்டியின் கண்டக்டர்! ஸ்டியரிங் டிரைவர் கையில் இருக்கிறது, சரி. விசில் யார் கையில்? பின்படிக்கட்டில் ஒரு பாட்டி கீரைக் கூடையோடு ஒரு காலை வைக்கிறார். டிரைவருக்கு அது தெரியாது. ஒரு விசில், வண்டி நிற்கிறது. இரண்டு விசில், கிளம்புகிறது. பஸ் ஸ்டாண்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது கண்டக்டர் இறங்கி நின்று தகரத்தைத் தட்டுவாரே, “வரலாம், வரலாம்... ஹோல்டான்!” முப்பது வருஷம் வண்டி ஓட்டியவரும் அந்தச் சத்தத்துக்குத்தான் பிரேக்கை மிதிக்கிறார். அதில் அவருக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

ஜெர்மனியில் 1976-ல் சட்டமே போட்டார்கள். 2,000 பேருக்கு மேல் வேலை பார்க்கும் கம்பெனியின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு. ஓட்டு சமமாக விழுந்தால் குழுத் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. அவர் பெரும்பாலும் பங்குதாரர் தரப்பு ஆள். அங்கேயும் ஸ்டியரிங் அவர்களிடம்தான், அண்ணா! அதே 1976-ல் நம் அரசியல் சட்டத்திலும் 43ஏ பிரிவு வந்தது, நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்க வேண்டும் என்று. 1990-ல் மாநிலங்களவைக்கு ஒரு மசோதாவும் வந்தது. சட்டமாகவில்லை.

“கணக்கு வழக்கு இவர்களுக்குப் புரியுமா” என்றும் கேட்டார்கள். 1957-ல் மத்திய அரசின் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் துணையோடு அங்கே வேலை பார்த்தவர்களே கூட்டுறவுச் சங்கம் கட்டினார்கள். விசிறித் தலைப்பாகையோடு பரிமாறுகிறவர்களின் இந்தியன் காபி ஹவுஸ் இன்றும் கேரளத்தில் நடக்கிறது. அது போதும்.

இப்போது என் அப்பா கதைக்கு வருகிறேன்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் அப்பா சைடர். நூல் நூற்கிற மெஷினான ரிங் ஃபிரேம் ஓட ஓட, அறுந்த நூலைப் பிடித்து ஒட்டுகிற வேலை. ஒரு மாசி மாதம் மேலிடத்தில் முடிவெடுத்தார்கள்: கரண்ட் பில் குறைய, ராத்திரி ஷிஃப்டில் காற்றில் ஈரம் சேர்க்கிற ஹியூமிடிட்டி பிளான்ட்டை நிறுத்திவிடலாம். நூல் ஒட்டுகிற ஒருத்தரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பா சொல்லியிருப்பார், “காத்துல ஈரம் இல்லேன்னா பஞ்சு சிலுத்துக்கும் சார்.”

முதல் ராத்திரி இங்கே ஒரு நூலை ஒட்டினால் அங்கே நாலு அறுந்தது. அங்கே ஓடினால் இங்கே ரோலரில் பஞ்சு சுற்றிக்கொண்டது. இரண்டாம் ராத்திரி, சாக்கை நனைத்து மெஷின்களுக்கு நடுவே தொங்கவிட்டார்கள். அவிழ்க்கச் சொல்லி உத்தரவு. மூன்றாம் ராத்திரி அப்பா கையில் ஒரு மெமோ: ‘வேலையில் கவனக்குறைவு.’

பதினேழு ராத்திரி! விடிந்து வீட்டுக்கு வந்தால் தலையில் பஞ்சு, புருவத்தில் பஞ்சு, காதுமடலில் பஞ்சு. அம்மா வாசல்படியில் உட்காரவைத்து ஒவ்வொன்றாக எடுப்பார். பதினெட்டாம் நாள் பிளான்ட்டை மறுபடி போட்டார்கள். மிச்சம் பிடித்த கரண்டைவிட வீணான பஞ்சு அதிகமாம். மெமோவை மட்டும் திரும்ப வாங்கவில்லை.

அந்த மில்லை மூடியபோதும் அப்படித்தான். இரண்டாம் ஷிஃப்டுக்குத் தூக்குச்சட்டியோடு போனார். கேட்டில் நோட்டீஸ். திரும்பி வந்து சட்டியை அம்மாவிடம் கொடுத்தார். சோறு இன்னும் சூடாக இருந்தது. சம்பளம் போச்சே என்று அவர் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. “நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே” என்றார்.

இன்று காலை தலைப்பைச் சொன்னதும், டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த மெமோவை எடுத்துக் கொடுத்தார். இதோ. பின்பக்கம் பென்சிலில் எழுதியிருக்கிறார்: எந்த ராத்திரி, எந்த ஃபிரேமில், எத்தனை தடவை நூல் அறுந்தது. யாராவது கேட்டால் காட்டலாம் என்று இத்தனை வருஷம் வைத்திருந்தார்.

உங்கள் மேசையில் வைக்கிறேன், நடுவர் அவர்களே. படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.