கட்டாயமாயுமல்ல: தசமபாகம் மனமுவந்த காணிக்கையே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இன்றைய கேள்வி இதுதான்: தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கடவுளுக்கென்று கொடுப்பது, சபைக்குக் கட்டளையா, மனமுவந்த காணிக்கையா? கட்டளையே என்று பேசிய எதிரணி நண்பர் மூன்று ஆதாரங்களை வைத்தார். ஆபிராம் கொடுத்தார், மல்கியா தீர்க்கதரிசி கேட்டார், இயேசுவும் அதை விடக்கூடாது என்றார். மூன்றையும் அதே வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பார்ப்போம்.

ஆதியாகமம் 14. சிறைபிடிக்கப்பட்ட லோத்தைப் போரிட்டு மீட்டுத் திரும்பும் வழியில் ஆபிராம், சாலேமின் ராஜாவும் ஆசாரியனுமான மெல்கிசேதேக்குக்குப் பத்தில் ஒன்று கொடுக்கிறார். எதிலிருந்து? போரில் கிடைத்த கொள்ளைப் பொருளிலிருந்து என்கிறது எபிரெயர் 7. மாதாமாதம் கொடுத்தார் என்று ஒரு வரிகூட இல்லை. "இது மோசேக்கு முந்தியது, ஆகவே நமக்கும் கட்டளை" என்றார் நண்பர். விருத்தசேதனமும் மோசேக்கு முந்தியதுதானே ஐயா? அதையே யூதரல்லாத புறஜாதி விசுவாசிகள்மேல் சுமத்தவேண்டாம் என்று எருசலேமில் கூடி முடிவெடுத்தார்கள். அப்போஸ்தலர் 15-இல் இருக்கிறது. அந்தக் கடிதத்தில் விலகவேண்டியவை என்று நான்கு காரியங்கள் உண்டு. தசமபாகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இனி மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணம். இங்கே கொஞ்சம் நின்றுதான் போகவேண்டும், ஏனென்றால் பிரசங்க மேடைகளில் இதில் பாதிதான் வாசிக்கப்படுகிறது. லேவியராகமம் 27 சொல்வது நிலத்தின் விளைச்சலையும் மரத்தின் கனியையும் ஆடுமாடுகளையும்தான். கோலின்கீழ்க் கடந்துபோகும் மந்தையில் பத்தாவது கர்த்தருக்குரியது. அப்படியானால் ஒன்பதே ஆடு வைத்திருக்கிற ஏழையிடம் பத்தாவது ஆடு வரவே வராது. அந்தச் சட்டத்துக்குள் இருக்கிற இரக்கத்தைக் கவனித்தீர்களா? நாமோ, "வாடகை அப்புறம், மருந்து அப்புறம், முதலில் பத்தில் ஒன்று" என்று சம்பளக்காரருக்குப் போதிக்கிறோம்.

உபாகமம் 14-ஐ முதன்முதலில் முழுதாக வாசித்த அன்று நான் அசந்துபோனேன். கொண்டுவருகிறவனே தன் வீட்டாரோடு கர்த்தருடைய சந்நிதியில் உட்கார்ந்து தன் தசமபாகத்தைச் சாப்பிட்டுச் சந்தோஷப்படவேண்டும்! வழி தூரமானால் விற்றுப் பணமாக்கி எடுத்துப்போய், அங்கே மனம் விரும்பியதை வாங்கிக்கொள்ளலாம். மூன்றாம் வருஷ முடிவில் அந்தப் பங்கு ஊருக்குள்ளேயே வைக்கப்படும். நிலப்பங்கு இல்லாமல் ஆலயப் பணி செய்கிற லேவியனும், பரதேசியும், திக்கற்றவனும், விதவையும் வந்து திருப்தியாகப் புசிப்பார்கள். கட்டளைதான் வேண்டும் என்றால் இந்தக் கட்டளையும் சேர்ந்துதானே வரவேண்டும்? விதவையிடம் வாங்குகிற தசமபாகத்தைப் பார்க்கிறோம். விதவைக்குக் கொடுக்கிற தசமபாகம் எங்கே?

மல்கியா 3. "மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமா?" இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டு, கடன் வாங்கியாவது கட்டிவிடவேண்டும் என்று நடுங்குகிற விசுவாசிகளை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. நண்பர் 8-ஆம் வசனத்தில் தொடங்கினார். மூன்று வசனம் பின்னே போங்கள். கூலிக்காரனுடைய கூலியை அபகரிக்கிறவர்களுக்கும் விதவையை ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாக நானே சாட்சியாக வருவேன் என்கிறார் கர்த்தர். தசமபாகத்தைக் கொண்டுவரச் சொன்ன பண்டசாலை என்பது ஆலயத்தில் ஆகாரம் இருப்பதற்கான கிடங்கு. பங்கு கிடைக்காத லேவியர்கள் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனதை நெகேமியா 13 சொல்கிறது. மல்கியா கேட்டது அந்தப் பசிக்கு.

இயேசு பேசியது யாரிடம்? ஆலயம் நின்றிருந்த காலத்தில், நியாயப்பிரமாணத்தின் கீழ் வாழ்ந்த வேதபாரகரிடமும் பரிசேயரிடமும். ஒற்தலாம் என்கிற புதினாவுக்கும் சீரகத்துக்கும்கூடத் தசமபாகக் கணக்குப் பார்த்தீர்கள், நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள் என்பது அவர்கள்மேல் விழுந்த கண்டனம். கொடுக்காதவர்களைக் கவ்விப்பிடிக்க அந்த வசனத்தை எடுப்பது எப்படிப் பொருந்தும்?

சபையில் கட்டாயம் பிற்பாடுதான் வந்தது. கொடுக்காதவரைச் சபைக்குப் புறம்பாக்கலாம் என்று 585-இல், இன்றைய பிரான்சிலுள்ள மாக்கோனில் கூடிய ஆயர்களின் சங்கம் விதித்தது. 779-இல் பிராங்கு மன்னர் சார்லமேன் அரசாணையாகவே ஆக்கினார். அதற்குப் பிறகு ஐரோப்பாவில் நெடுங்காலம் அது ஒரு வரியாகவே இருந்தது.

"அப்படியானால் சபை எப்படி நடக்கும்?" நியாயமான கேள்வி. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தாலே பிழைப்பு உண்டாகவேண்டும் என்று 1 கொரிந்தியர் 9 சொல்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே நிருபத்தின் 16-ஆம் அதிகாரத்தில், எருசலேமின் பரிசுத்தவான்களுக்காகப் பணம் சேர்க்கும்போது, பவுல் வைக்கிற அளவு அவரவர் "வரவுக்குத் தக்கதாக" என்பதுதான். வசதி உள்ளவருக்கு அது பத்தைத் தாண்டியும் போகும்! மக்கெதோனியா சபைகள் கொடிய தரித்திரத்திலும் தங்கள் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்தன, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சின. யாரும் அவர்களிடம் விழுக்காடு சொல்லவில்லை. அவர்களை உதாரணமாகக் காட்டிய கையோடு பவுல் 2 கொரிந்தியர் 9-இல் எழுதுகிறார்: "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்."

நடுவர் அவர்களே, "கட்டாயமாயுமல்ல" என்கிற அந்த ஒரு சொல்லைத் தள்ளிவைத்துவிட்டு எதிரணிக்குத் தீர்ப்புச் சொல்ல உங்களால் முடியுமா? நன்றி, வணக்கம்.