காந்தம் அசைந்தால் மின்சாரம்

வணக்கம் நேயர்களே. விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது, சமையலறையில் உள்ள அலுமினியத் தாள் சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செங்குத்தாகப் பிடித்து, நடுத்துளையில் ஒரு நாணயத்தைப் போட்டால் டக்கென்று விழும். அடுத்து, துளையைக் கிட்டத்தட்ட அடைக்கிற அளவுக்கு நியோடிமியம் என்ற உலோகம் கலந்த, மிக வலிமையான ஒரு காந்தத்தைப் போடுங்கள். அது தயங்கித் தயங்கி இறங்கும். சுருள் எவ்வளவு தடிப்போ, அவ்வளவு மெதுவு.

காந்தம் அலுமினியத்தில் ஒட்டவே ஒட்டாது. அதையும் தொட்டுக் காட்டுங்கள். அப்படியானால் பிடித்து இழுப்பது எது? காந்தம் விழ விழ, சுற்றியுள்ள உலோகத்தில் காந்தப்புலம் மாறுகிறது. அந்த மாற்றம் அங்கே மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டமும் ஒரு காந்தமாகி, விழுவதைத் தடுக்கிறது.

மின்சாரம் காந்தமுள்ளை அசைக்கும் என்று 1820இல் டென்மார்க் விஞ்ஞானி ஓர்ஸ்டெட் காட்டினார். காந்தத்திலிருந்து மின்சாரம் வருமா என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் 11 ஆண்டுகள் ஆயின. 1831 ஆகஸ்ட் 29, லண்டன். கொல்லர் மகனான விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றை மின்கலத்தோடு இணைத்தார். மற்றச் சுருளின் கம்பிக்கு அருகே வைத்திருந்த காந்தமுள், மின்கலத்தை இணைத்த கணம் துள்ளியது, துண்டித்த கணம் துள்ளியது. இடையில் அசையவே இல்லை.

காந்தத்திலிருந்து மின்சாரம் வருவதை வீட்டில் பார்க்க, பிவிசி குழாய்த் துண்டில் எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரம் சுற்றாவது சுற்ற வேண்டும். கம்பி கோலாலம்பூர் ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் கிடைக்கும். பெரியவர்கள் சுற்றிக் கொடுத்துவிடாதீர்கள், பிள்ளையின் விரலே சுற்றட்டும். கம்பியின் இரு முனைகளையும் மணல்தாளால் தேய்த்து, ஒரு சிவப்பு எல்.இ.டி.யை இணையுங்கள். சிவப்புக்கு 2 வோல்ட்டுக்கும் குறைவாகவே போதும், வெள்ளைக்கு 3 வோல்ட் வேண்டும். காந்தத்தை உள்ளே போட்டு, குழாயின் இரு வாயையும் மூடி வேகமாகக் குலுக்கினால் விளக்கு மின்னும்.

பிறகு குலுக்குவதை நிறுத்துங்கள். காந்தம் உள்ளேதான் இருக்கிறது, விளக்கு எரியவில்லை. இந்த இருட்டைக் கட்டாயம் காட்டுங்கள். பளிச்சென்ற வெளிச்சத்தைவிட இதுதான் பிள்ளையை யோசிக்க வைக்கும்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் காந்தங்கள் இரண்டை விழுங்கினால், குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது. சுவரில் இருக்கும் 230 வோல்ட் மின்சாரத்தோடு இந்தக் கம்பியை ஒருபோதும் இணைக்காதீர்கள்.

எல்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் நாம் தட்டும் டச் அண்ட் கோ கட்டண அட்டைக்குள்ளும் ஒரு சுருள் உண்டு, பேட்டரி கிடையாது. அட்டையை அசைக்காமல் பிடித்தாலும் கதவு திறக்கிறதே என்று பிள்ளை கேட்டால், நல்ல கேள்வி. கதவில் உள்ள கருவியின் காந்தப்புலம் நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் தடவைக்கு மேல் மாறிக்கொண்டே இருக்கிறது. அதில் பிறக்கும் மின்சாரம்தான் அட்டையின் சில்லை இயக்குகிறது.