11 வயதில் எந்த வகுப்பு?

[திரையில்: நாட்காட்டித் தாள்கள் உதிர்கின்றன, 1991 முதல் 2002 வரை]

குரல்: மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன். அங்கே 1991-ல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 2002-ல்தான் முடிந்தது. போர் தொடங்கிய வருஷம் பிறந்த பையனுக்குப் போர் முடிந்தபோது 11 வயது. சரி, பள்ளிக்கூடத்தைத் திறந்தாகிவிட்டது. இவனை எந்த வகுப்பில் உட்கார வைப்பது?

[திரையில்: சின்ன பெஞ்சில் முழங்கால் இடிக்க ஒரு சிறுவன். கோட்டோவியம்]

குரல்: ஒன்றாம் வகுப்பில் வைத்தால் வெட்கத்திலேயே நின்றுவிடுவான். ஐந்தாம் வகுப்பில் வைத்தால் ஒன்றும் புரியாது. போர் நடந்த ஊரில் கல்வி என்றதும் நமக்கு இடிந்த கட்டடம்தான் ஞாபகம் வரும். இந்த வயதுக் கணக்குதான் அதைவிடப் பெரிய தலைவலி.

அங்கே ஒரு வழி கண்டார்கள். 6 வருட ஆரம்பக் கல்வியை 3 வருடமாகச் சுருக்கி, 10 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு. முடியுமா என்றால், முடியும். வளர்ந்த பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கப் பழக்க மாதக்கணக்கில் தேவையில்லை. சந்தையில் சில்லறை எண்ணியவனுக்குக் கூட்டல் கழித்தல் பாதி வந்திருக்கும். எழுத்து, வாசிப்பு, கணக்கு மூன்றையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மற்றதைக் குறைக்கலாம்.

[திரையில்: ஒரு தையல் மெஷின். பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் திரை நிறைய]

குரல்: பள்ளி வயதைத் தாண்டியவர்கள்? ஆயுதத்தைக் கீழே வைத்தவர்கள் மட்டும் 70,000-க்கும் மேல். அவர்களில் பலருக்குத் தச்சு, தையல் போன்ற தொழில்களில் சில மாதப் பயிற்சி கொடுத்தார்கள், கருவிகளும் கொடுத்தார்கள். கருவிகளை விற்றுவிட்டவர்கள் உண்டு. சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடாதீர்கள். ஒரே ஊரில் இத்தனை தையல்காரர்கள் இருந்து, துணி தைக்கக் கொடுக்க யாரிடமும் காசு இல்லையென்றால் மெஷினை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊரில் எந்த வேலைக்கு ஆள் தேவை என்று பார்த்துவிட்டுத்தான் தொழிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

[திரையில்: பெயர்ப் பட்டியல். நடுநடுவே வெற்று வரிகள்]

குரல்: இந்தப் பயிற்சிக்கே வராமல் போனவர்களும் உண்டு. பட்டியலில் பெயர் சேரப் பெரும்பாலும் ஒரு துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஆயுதக் குழுக்கள் கடத்திக்கொண்டுபோய்ச் சமைக்கவும் சுமை தூக்கவும் வைத்த சிறுமிகளில் பலரிடம் ஒப்படைக்கத் துப்பாக்கி இல்லை. அதனால் பட்டியலில் அவர்கள் பெயரும் இல்லை.