ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் எலும்பு, மூட்டு நோய்ப் பெயர்கள்: எதுக்குப் பயப்படணும், எதுக்குத் தேவையில்லை?

[திரையில்: இடுப்பு எம்ஆர்ஐ ரிப்போர்ட். கடைசிப் பத்தி பெரிதாகிறது.]

வணக்கம். இடுப்பு வலிக்கு ஸ்கேன் எடுத்தவங்க கவரைப் பிரிச்சதும் நேரா கடைசிப் பத்திக்குத்தான் போவாங்க. "இம்ப்ரெஷன்"னு போட்டிருக்கும். அதுக்குக் கீழ லம்பார் ஸ்பான்டிலோசிஸ், எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ், ஆஸ்டியோஃபைட்ஸ். டாக்டரைப் பார்க்க இன்னும் ரெண்டு நாள் இருக்கும். அதுவரைக்கும் வீட்ல யாருக்கும் தூக்கம் வராது.

இந்த மூணையும் முதல்ல பார்த்துடுவோம். லம்பார்ன்னா இடுப்புப் பகுதி முதுகெலும்பு; எல்4, எல்5ங்கறது அங்க இருக்குற நாலாவது, அஞ்சாவது எலும்பு. ஸ்பான்டிலோசிஸ்ன்னா வயசு ஏற ஏற முதுகெலும்பு மூட்டுகள்லயும் டிஸ்க்குலயும் வர்ற தேய்வு. ஆஸ்டியோஃபைட்ங்கறது அந்த எலும்போட ஓரத்துல வளர்ற சின்ன முனை. டிஸ்க் பல்ஜ்ன்னா, ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்குற டிஸ்க் லேசா வெளிய புடைச்சிருக்கு, அவ்வளவுதான்.

[திரையில்: 20 வயது, 30 சதவீதம். 80 வயது, 84 சதவீதம்.]

2015-ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு, முதுகுவலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேன் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்துச்சு. 20 வயசுலயே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்துச்சு. 80 வயசுல 84 சதவீதம். இவங்க யாருக்கும் வலி கிடையாது. அதனால ரிப்போர்ட்ல பல்ஜ்னு இருந்தா, உங்க வலிக்கு அதுதான் காரணம்னு உடனே முடிவு கட்டிடாதீங்க. வலி கால்ல இறங்குதா, எந்த விரல் மரத்துப்போகுது, பாதத்தைத் தூக்க முடியுதா, இதெல்லாம் ஸ்கேனோட ஒத்துப்போகுதான்னு டாக்டர் தொட்டுப் பார்த்துச் சொல்றதுதான் கணக்கு.

[திரையில்: "எலும்பு தேய்மானம்"]

அடுத்தது, நம்ம ஊர்ல தினமும் காதுல விழுற பேரு. முழங்கால் வலிச்சாலும் எலும்பு தேய்மானம், பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சாலும் எலும்பு தேய்மானம். எனக்கு இது ரொம்பவே கவலையா இருக்கு. ஏன்னா இது ரெண்டும் வேற வேற நோய், வைத்தியமும் வேற.

முழங்கால்ல வர்றது பெரும்பாலும் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ். அங்க முதல்ல கெட்டுப்போறது எலும்பு நுனியை மூடியிருக்குற வழுவழுப்பான குருத்தெலும்பு. படி இறங்கினா வலிக்கும். சம்மணம் போட்டு உக்காந்துட்டு எந்திரிச்சா பிடிச்சுக்கும், நாலு எட்டு வச்சா கொஞ்சம் விடும். இதுக்கு முக்கியமான வைத்தியம் தொடைத் தசையைப் பலப்படுத்துற பயிற்சியும், உடம்பு எடை கூடுதலா இருந்தா அதைக் குறைக்கறதும். கால்சியம் மாத்திரை போட்டா தேஞ்ச குருத்தெலும்பு திரும்ப வளராது. மூட்டு வலிக்குன்னு வருஷக்கணக்கா கால்சியம் மட்டும் வாங்கிப் போட்டுட்டு, ஒரு நாள்கூட பயிற்சி செய்யாத அம்மாக்கள் எத்தனையோ பேர் இருக்காங்க.

பாட்டிக்கு இருந்தது ஆஸ்டியோபோரோசிஸ். இதுல எலும்போட அடர்த்தியே குறையுது. முறியற வரைக்கும் வலி இருக்காது, அதுதான் இதோட ஆபத்து. மாதவிடாய் நின்ன பிறகு பெண்களுக்கு வேகமா வரும். ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் சாப்பிடறவங்களுக்கும் வரும். எலும்பு அடர்த்தியை அளக்குற டெக்ஸா ஸ்கேன்ல "டி ஸ்கோர்"னு ஒரு எண் தருவாங்க. மைனஸ் 2.5 அல்லது அதுக்கும் கீழ போனா ஆஸ்டியோபோரோசிஸ். மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவுல இருந்தா ஆஸ்டியோபீனியா. நின்ன இடத்துல விழுந்ததுக்கே மணிக்கட்டு முறிஞ்சா, மாவுக்கட்டு போட்டதோட விட்டுடாதீங்க. டெக்ஸா எடுக்கணுமான்னு கேளுங்க. அடுத்த முறிவைத் தடுக்க மருந்து இருக்கு.

ஆஸ்டியோமலேசியான்னும் ஒண்ணு உண்டு. வைட்டமின் டி பற்றாக்குறையால எலும்பு மென்மையாயிடறது. உடம்பெல்லாம் எலும்பு வலி, தரையில இருந்து எந்திரிக்கவே சிரமம். சரியான மருந்து கொடுத்தா நல்லா குணமாகும்.

[திரையில்: ஸ்பான்டிலோசிஸ் / ஸ்பான்டிலைட்டிஸ்]

இப்ப இந்த ரெண்டைக் கவனிங்க. கழுத்து வலி வந்தா "ஸ்பான்டிலைட்டிஸ் இருக்கு"ம்பாங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இருக்கறது ஸ்பான்டிலோசிஸ். "ஐட்டிஸ்"னு முடிஞ்சா பொதுவா அழற்சி, "ஓசிஸ்"னு முடிஞ்சா பெரும்பாலும் தேய்வு மாதிரியான மாற்றம். (ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ்தான் இதுல கொஞ்சம் குழப்பும்; அது முதன்மையா தேய்வு நோய்தான்.)

நிஜமான ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் இளவயசுக்காரங்களைப் பிடிக்கிற நோய். பெரும்பாலும் 45 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடும். இருபத்தஞ்சு வயசுப் பையன் ராத்திரி ரெண்டு மணிக்கு இடுப்பு வலியால எந்திரிச்சு வராண்டாவுல நடப்பான். நடந்தா குறையும், படுத்தா கூடும். காலைல அரை மணி நேரத்துக்கு மேல முதுகு கட்டைபோல இருக்கும். "ராத்திரி முழுக்க செல்போன் பார்த்தா இப்படித்தான்"னு வீட்ல திட்டுவாங்க. ஆரம்பத்துல எக்ஸ்ரே நார்மலாகூட வரலாம், அதனால நோயைக் கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆயிடுது. அதுக்குள்ள முதுகெலும்பு ஒண்ணோடொண்ணு ஒட்ட ஆரம்பிச்சா நிமிர முடியாது. இந்த அறிகுறி இருந்தா, மூட்டு அழற்சி நோய்களைப் பார்க்குற ருமட்டாலஜி டாக்டரைப் பாருங்க.

அதே டாக்டர்தான் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸுக்கும். ரெண்டு கை விரல் மூட்டும் ஒரே மாதிரி வீங்கும், காலைல ஒரு மணி நேரம் ஆனாலும் விரலை மடக்க வராது. இதுக்குத் தர்ற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள்தான். தெரியாம தினமும் போட்டா ரத்த அணுக்கள் குறைஞ்சு உயிருக்கே ஆபத்தாயிடும். வீட்ல யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டா, எந்தக் கிழமைன்னு அட்டையிலயே எழுதி வைங்க.

இதே மாதிரி குழப்புற இன்னொரு ஜோடிப் பேரு: ஸ்ட்ரெயின்னா தசை இழுபட்டது. ஸ்ப்ரெயின்னா, நாம ஜவ்வுன்னு சொல்ற லிகமென்ட் இழுபட்டது.

[திரையில்: உடனே ஆஸ்பத்திரி]

கடைசியா ஒண்ணு. இடுப்பு வலியோட சிறுநீர் போகாம நின்னுபோச்சு, இல்ல தெரியாமலே போகுது, உக்கார்ற இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போச்சுன்னா, அதுக்குப் பேர் காடா ஈக்வினா சிண்ட்ரோம். முதுகெலும்போட அடிப்பகுதி நரம்புக் கொத்து நசுங்குது. விடியட்டும்னு காத்திருக்காதீங்க. அந்த ராத்திரியே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்க. போன உடனே, சிறுநீர் விஷயத்தை முதல்ல சொல்லுங்க.